தானா உடைஞ்சுது!

"திருடன் புதுசையெல்லாம் விட்டுட்டான் மேடம். உடைஞ்சதை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டான்."

வந்தவர் இப்படி ஆரம்பித்ததும், பாதியில் இருந்த என் கொட்டாவி அப்படியே நின்றுவிட்டது.

கீழே என் அண்ணனின் பல் கிளினிக். மேலே அண்ணியின் துப்பறியும் அலுவலகம். கீழே யாராவது "ஆ!" என்று அலறினால் மேலே உட்கார்ந்திருப்பவர் தன்னையறியாமல் உண்மையைக் கக்கிவிடுவார். அதற்காகவே அண்ணி இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். நான் அவருடைய உதவியாளன். உதவியாளன் என்பது மரியாதைக்காக. கொழுந்தன் என்பதால் திட்டுவதற்குத் தனி அனுமதி தேவையில்லை, அதுதான் என் முக்கியத் தகுதி.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. கைக்கருவிகள் விற்கும் கடையில் பத்தொன்பது வருடமாக வாரண்டி மேஜையில் உட்காருகிறார். உடைந்த ஸ்பேனர், பல் போன ராட்செட், வாய் கோணிய கட்டிங் பிளேயர், எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி, ரிஜிஸ்டரில் எழுதி, புதியது கொடுப்பவர் இவர்தான். கடைத்தெரு முழுக்க இவருக்கு வாரண்டிக்காரர் என்றே பெயர்.

"எத்தனை உடைஞ்சது?" என்றார் அண்ணி.

"இருபத்துமூணு மேடம், ஒரு மரப்பெட்டியில. சனிக்கிழமை சாயங்காலம் அலமாரியில வச்சு நானே பூட்டினேன். நேத்துக் காலைல நானே திறந்தேன். பெட்டியைக் காணோம். பக்கத்துத் தட்டுல பிரிக்காத ராட்செட் செட் பன்னிரண்டு இருக்கு, ஒண்ணு கூட நகரலை. பூட்டு போட்டபடி இருக்கு. சாவி என்கிட்ட மட்டும்தான்."

"அப்ப எடுத்தது நீங்கதான்," என்றேன் நான். "வழக்கு முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா அண்ணி?"

அவர் சிரிக்கவில்லை. "என் மச்சானும் அதையேதான் சொல்றார் சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடை முதலாளி இவருடைய மனைவிக்குச் சொந்த அண்ணன். உடைந்த சாமான்களைக் கம்பெனி ஆள் மாதம் ஒரு முறை வந்து எடுத்துப்போவார். இன்று மாலை ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் பெட்டி வராவிட்டால், 'இவர்தான் திருடன்' என்று கம்பெனிக்காரர் முன்னால் சொல்லி வேலையை விட்டு அனுப்பப்போவதாக மச்சான் சத்தியமே செய்துவிட்டார். மனைவியோ நேற்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அந்த வீடு கடைக்கு நேர் மேலே மாடியில்.

"ஒரு வார்த்தை பேசலை மேடம். சூட்கேஸை இழுத்துக்கிட்டுப் போயிட்டா. வாசப்படியிலயே ஒரு சக்கரம் உடைஞ்சு விழுந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கலை." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. மனிதர் உடைந்து போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணலாம்?" என்றார் அண்ணி.

"ஆள் வேண்டாம் மேடம். யாரையும் சந்தியில நிறுத்த வேண்டாம். அஞ்சு மணிக்குள்ள பெட்டி அலமாரியில இருந்தாப் போதும்."

அண்ணி சக்கரத்தை மேஜையில் ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். "உடைஞ்ச இரும்பால யாருக்கு என்ன லாபம்?"

தொழில் பேச்சு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சட்டம் மேடம். நாங்க விக்கிறது கரடி மார்க்கு, ஜெர்மனியில செஞ்சது. ஆயுள் வாரண்டி. பில் கூடக் கேக்க மாட்டோம், உடைஞ்ச துண்டைக் காட்டினா புதுசு. எதிர்க்கடையில மூணு மீன் மார்க்கு, தைவான் சரக்கு. அதுக்கும் ஆயுள் வாரண்டிதான், ஆனா பில் வேணும். எவன் மேடம் ஸ்பேனர் வாங்கின பில்லைப் பத்து வருஷம் வச்சிருப்பான்? ஜப்பான் சரக்கு ஒண்ணு இருக்கு, அஞ்சு வருஷம். மார்க்கே இல்லாம சாக்குல கொட்டி விக்கிறது ஒண்ணு இருக்கு. அதுக்குக் கடைப் படி இறங்குற வரைக்கும் வாரண்டி."

"அப்ப கரடித் துண்டு கையில கிடைச்சா, வேற ஊர்க் கடையில காட்டிப் புதுசு வாங்கிடலாமே?" என்றேன்.

"முடியாது சார். வாங்கின கையோட கிரைண்டர்ல ஒரு வெட்டுப் போட்டுடுவேன். வெட்டு இருந்தா உலகத்துல எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டாங்க."

"இருபத்துமூணுலயும் வெட்டு இருக்கா?"

"இருக்கு மேடம்."

அண்ணி சக்கரத்தைக் கைப்பையில் போட்டு எழுந்தார். "அப்ப அந்த இருபத்துமூணும் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஏதோ ஒண்ணு மட்டும் கம்பெனிக்காரர் கண்ணுல படக்கூடாது. அதை மட்டும் எடுத்தா எதுன்னு உடனே தெரிஞ்சுபோகும். அதனால மொத்தமாத் தூக்கிட்டாங்க. வாங்க, கடையைப் பாப்போம்."

கடை முழுக்க எண்ணெயும் புது இரும்பும் கலந்த வாசனை. சுவரெல்லாம் ஸ்பேனர்கள், சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக. கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு: 'பைப் மாட்டித் திருகினால் வாரண்டி இல்லை. சுத்தியலாக உபயோகித்தால் வாரண்டி இல்லை.' போர்டுக்குக் கீழே முதலாளி. தலையில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

"துப்பறியறவங்களா? எதுக்கு வீண் வேலை? சாவி ஒண்ணு, ஆள் ஒண்ணு!" என்று வாரண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினார். "தங்கச்சி புருஷனாச்சேன்னு போலீசுக்குப் போகாம இருக்கேன்."

"கண்ணாடி தலையில இருக்கு சார்," என்றேன். அதற்கும் முறைத்தார்.

அண்ணி பின்னறைக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நல்ல அலமாரி. சத்தமே இல்லையே."

"அதுதான் மேடம் ஆச்சரியம்," என்றார் வாரண்டிக்காரர். "பத்தொன்பது வருஷமா இந்தக் கீல் கத்தும். சனிக்கிழமை சாயங்காலம்கூடக் கத்திச்சு. நேத்துக் காலைல திறக்கிறேன், கப்சிப்."

நான் குனிந்து பார்த்தேன். கீலில் புது எண்ணெய் பளபளத்தது. கீழே ஒரு சொட்டுக்கூட வழிந்திருக்கவில்லை. துணியால் ஒற்றி எடுத்திருந்தார்கள்.

"சத்தம் கேட்கக்கூடாதுன்னு எண்ணெய் போட்டிருக்கான்," என்றேன்.

"சத்தத்துக்கு எண்ணெய் போதுமே தம்பி. வழிஞ்சதை எதுக்குத் துடைச்சான்? திருட வந்த அவசரத்துல?"

பதில் தெரியாத இடத்தில் நான் வழக்கமாகத் தலையைச் சொறிவேன். சொறிந்தேன்.

அடுத்தது ரிஜிஸ்டர். அதில் 'உடைந்த காரணம்' என்று ஒரு பத்தி. வாடிக்கையாளர் சொல்வதை வாரண்டிக்காரர் அப்படியே எழுதுவாராம். நான் உரக்கப் படித்தேன். "தானா உடைஞ்சுது. தானா உடைஞ்சுது. தொடவேயில்லை, உடைஞ்சுது. ராத்திரி முழுசா வச்சேன், காலைல ரெண்டா இருந்துது. தானா உடைஞ்சுது... அண்ணி, இந்த ஊர் இரும்புக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"எல்லாரும் பிடி நீளணும்னு கைப்பிடியில பைப் மாட்டித்தான் திருகியிருப்பாங்க சார்," என்றார் வாரண்டிக்காரர். "ஒத்துக்க மாட்டாங்க. நானும் நோண்ட மாட்டேன்."

பதினேழாவது வரியில் என் நாக்கு நின்றது.

'பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர். வைஸில் இறுக்கிய போல்ட்டில் மாட்டி, கைப்பிடி நுனியில் எடை தொங்கவிட்டேன். இருபத்தாறு கிலோவில் உடைந்தது. பைப் மாட்டவில்லை.'

"இது யார் கொடுத்தது?"

"பார்சல்ல வந்துச்சு. உள்ள பிரிண்ட் பண்ணின சீட்டு. அதைப் பார்த்துத்தான் எழுதினேன். புதுசை அதே பார்சல் ஆபீசுக்கு மூணாம் நாளே அனுப்பிட்டேன்."

அண்ணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இருபத்திரண்டு பேர் புளுகியிருக்காங்க. ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்லியிருக்கார். நாம தேட வேண்டியது அவரைத்தான். தம்பி, உங்க போனுக்கு வேலை வந்தாச்சு."

ஸ்பேனர், எடை, இருபத்தாறு கிலோ என்று தட்டினேன். நாலாவது முயற்சியில் சிக்கியது 'உடைச்சுப் பாக்கலாம்' என்ற வீடியோ சானல். முகம் கிடையாது, குரல் கிடையாது. கையுறை போட்ட இரண்டு கைகள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், ஒரு சிலேட்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டு ஸ்பேனரையும் மாட்டி, எடையைக் கூட்டிக்கொண்டே போய், எத்தனை கிலோவில் உடைந்தது என்று சிலேட்டில் எழுதுகிறார்கள். பிறகு உடைந்த துண்டை வாரண்டிக்கு அனுப்பி, எத்தனை நாளில் புதியது வந்தது, என்ன சாக்கு சொன்னார்கள் என்று இன்னொரு சிலேட்டு. எண்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசி வீடியோ பத்து விநாடி முன்னோட்டம்: 'இந்த வாரம்: கரடி, பத்தாம் நம்பர்.'

எட்டிப் பார்த்த முதலாளி கொதித்துவிட்டார். "இவன்தான்! இந்தப் பாவிதான்! சனிக்கிழமை கம்பெனிக்காரர் இதைப் பத்தித்தான் போன் பண்ணினார். உடைஞ்ச துண்டு எந்தக் கடைக்கு வந்துச்சோ அங்க நானே வந்து பாக்கணும்னார். நம்ம கடையில இருக்குன்னு தெரிஞ்சா டீலர்ஷிப்பே போயிடும். தெருவுலதான் நிக்கணும். கடை சாத்தினதும் நேரா இவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் புலம்பினேன்!"

"அங்க யார்கிட்ட புலம்பினீங்க?"

"இவர்கிட்டயும் தங்கச்சிகிட்டயும்தான். வேற யார்கிட்ட அழுவேன்?"

அண்ணி வாரண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்டுல ஒரு வாய் டீ கிடைக்குமா?"

அவர் முகம் வெளுத்தது. ஆனால் உடனே சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பத்து நிமிட நடை. கேட் திறந்தது, சத்தமில்லை. கதவு, சத்தமில்லை. ஜன்னல், பீரோ, பால்கனிக் கதவு என்று அண்ணி ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எதுவும் முனகவில்லை.

"நீங்க போடுற எண்ணெயா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"எனக்கு ஸ்க்ரூ டிரைவரையே எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாது மேடம்! எல்லாம் அவதான். அவங்க அப்பா ஆரம்பிச்ச கடை அது. பாவாடை கட்டின நாள்ல இருந்து இரும்போடதான் வளர்ந்தா. அண்ணனுக்குக் கடை வந்துச்சு, எனக்கு மேஜை வந்துச்சு. அவளுக்கு..." சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

டீ வந்தது. அவர் பிஸ்கட் எடுக்கிறேன் என்று மறுபடி உள்ளே போனார். நான் டம்ளரை மேஜையில் வைத்தேன். மேஜையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு, முக்கோணமாக. டம்ளர் அதன் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. எதையோ பார்த்த ஞாபகம். போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன்.

சிலேட்டுக்குப் பக்கத்தில், அதே மேஜையில், அதே முக்கோணத் தழும்பு.

"அண்ணி..."

"மெதுவா. எனக்குக் கண் இருக்கு." அண்ணி சுவரோரம் கையைக் காட்டினார். இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று. பக்கத்தில் லிட்டர் பாட்டில்கள் ஒரு டஜன், நிரப்பி, வரிசையாக. "ஒரு கேன், ஆறு பாட்டில். இருபத்தாறு கிலோ."

"ஐயோ! அப்ப இவர் சம்சாரமா? சொந்தப் புருஷன் மேலயா பழியைப் போட்டாங்க?"

"பழி விழும்னு நினைச்சிருக்க மாட்டா. கீலைத் துடைச்சப்பவே இது கடைப் பொண்ணோட கைன்னு தெரிஞ்சுது. எண்ணெய் வழிய விட்டுட்டு வர மனசு வரலை அவளுக்கு. புதுசைத் தொடாததும் அதனாலதான்." அண்ணி பையிலிருந்து பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்தார். "நாலு துணிக்கு இந்தச் சக்கரம் உடையுமா தம்பி? புருஷன் மாட்டிக்கிட்டார்னு தெரிஞ்சதும் பெட்டியைத் திருப்பி வைக்கத்தான் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா. நாம அவளைக் கோவிச்சுக்கிட்டுப் போனவன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம்."

பிஸ்கட் எடுக்கப் போனவர் இன்னும் வரவில்லை. அவ்வளவு நேரம் தேட அது என்ன புதையலா என்று தோன்றியது.

வாரண்டிக்காரரைக் கடையில் விட்டுவிட்டு, மாடியில் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி நாலரை. அவள் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது, அழுது வீங்கிய கண்கள், வலது கட்டைவிரலில் பிளாஸ்டர். அண்ணி ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள். உள்ளே மரப்பெட்டி. உடைந்த இருபத்துமூன்று துண்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து, அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை அவர் தூங்கும்போது சாவியை எடுத்துட்டு வந்தேன். கடை மூடியிருந்துச்சு, இந்த வீட்டுல இருந்து கடைக்குப் போற உள்படி வழியா இறங்கினேன். அண்ணன் பிழைப்புக்கு என்னால ஆபத்து வந்துடக்கூடாதுன்னுதான் எடுத்தேன். தூக்கி எறியவும் மனசு வரலை. நேத்து அவரைத் திருடன்னு சொன்னதும் உயிரே போயிடுச்சு. திருப்பி வைக்கலாம்னு ஓடி வந்தா, அண்ணன் உள்படிக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுட்டார்."

"பரவாயில்லை," என்றார் அண்ணி. "கீழே உங்க அண்ணனை என் கொழுந்தன் பேச்சுல பிடிச்சு வைப்பார், அதுல அவர் கெட்டிக்காரர். நாம பெட்டியை அலமாரியில வச்சிடுவோம். யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"தெரியுமே," என்றாள் அவள்.

"சும்மா சொல்லுங்க."

"எப்படிங்க சொல்றது? தெரியுமே!"

இருபத்தாறு கிலோ என்று நுணுக்கமாக எழுதிய ஆளாயிற்றே. அண்ணி என்னைப் பார்த்தார், நான் விட்டத்தைப் பார்த்தேன். அதற்குள் அவள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வாசல் படியில் இறங்கத் தொடங்கிவிட்டாள். மீதமிருந்த ஒற்றைச் சக்கரம் படிக்குப் படி டொக் டொக் என்று இடித்தது.

கடையில் முதலாளி, வாரண்டிக்காரர். அவர்களோடு, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்துவிட்ட கம்பெனிக்காரர். அவள் பெட்டியைக் கல்லா மேல் வைத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சானல் என்னுடையது, உடைத்தது நான், எடுத்தது நான். முதலாளியின் தலையிலிருந்த கண்ணாடி நழுவி மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"நீயா? நம்ம கரடியை நீயே உடைச்சியா?"

"எல்லாத்தையும்தான் உடைச்சேன்ணே. நம்மளை மட்டும் விட்டா அது நியாயமா?"

கம்பெனிக்காரர் பத்தாம் நம்பரின் இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கைப்பிடியைத் தடவினார். பைப் கடித்த தழும்பு இல்லை. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மத்த ஊர்லயும் இதே தேதி அச்சடிச்சது ரெண்டு உடைஞ்சிருக்கு. அந்த வாரம் இரும்பைக் காய்ச்சிப் பதம் போட்டது சரியில்லை. அதை நிரூபிக்கத்தான் பைப் மாட்டாம உடைஞ்ச துண்டு ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன். எல்லாரும் 'தானா உடைஞ்சுது'ன்னா நான் எதை நம்புறது?"

"அப்ப டீலர்ஷிப்?" என்றார் முதலாளி.

"அதுக்கென்ன? அதைப் பத்தி யார் பேசினா?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். கடைசியில்தான் வாரண்டிக்காரரைப் பார்க்கத் தைரியம் வந்தது. "மாப்பிள்ளை... நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க." அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வீடியோ எப்படி முடியுது?" என்று நான் அவளிடம் கேட்டேன். "கரடிக்கு எந்த இடம்?"

"பலத்துல ஆறாவது. மூணு மீன்தான் முதல், நாற்பத்தெட்டு கிலோ தாங்கிச்சு." முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வாரண்டியில கரடிதான் முதல். மூணே நாள், ஒரு கேள்வி இல்லை. மத்தவங்க நாப்பது நாள் இழுத்தாங்க. அது கம்பெனியால இல்லை, மேஜையில உக்காந்திருக்கிற ஆளாலன்னு எழுதலாம்னு இருந்தேன். எழுதினா யாருன்னு தெரிஞ்சிடுமேன்னு விட்டுட்டேன்."

வாரண்டிக்காரர் ரிஜிஸ்டரை அநாவசியமாகப் புரட்டினார்.

அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றார். "உங்களுக்கு நேத்துக் காலைலயே தெரியும், இல்லையா? கீல் கத்தாதப்பவே. அதான் சக்கரத்தை எடுத்துட்டு வந்து என் மேஜையில வச்சீங்க. பிஸ்கட் தேடுறேன்னு உள்ளேயே நின்னீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏங்க!" அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்சுமா திருடன் பட்டத்தைத் தாங்கிக்கிட்டு நின்னீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஆமாம்பே. அப்புறம் உங்கண்ணன் கேட்டாலும் ஆமாம்பே. உனக்குத்தான் பொய் சொல்ல வராதே. உன்னை எல்லார் முன்னாலயும் நிக்க வைக்கக்கூடாதுன்னு பார்த்தேன். பெட்டி மட்டும் வந்தாப் போதும்னு நினைச்சேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நீ சூட்கேஸோட போனதும் பயந்துட்டேன். திரும்பி வரமாட்டியோன்னு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சட்டென்று அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், இத்தனை பேர் நிற்கிறோம் என்பதையும் மறந்து. நான் நாகரிகமாக ஸ்பேனர்களை எண்ணத் தொடங்கினேன்.

அண்ணி பையிலிருந்து சக்கரத்தை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைச் சூட்கேஸில் பொருத்திப் பார்த்தார். நிற்கவில்லை. பழக்க தோஷம், பேனாவை எடுத்துவிட்டார்.

"இதுக்கு வாரண்டி இருக்கா?"

"ஒரு வருஷம் இருக்கு," என்றாள். "அதிக எடை ஏத்தினா செல்லாது."

"காரணம் என்னன்னு எழுத? 'தானா உடைஞ்சுது'ன்னு போட்டுடட்டுமா?"

"அதெல்லாம் எழுதக்கூடாது," என்று பேனாவைப் பிடுங்கினாள் அவள். "இரும்பு பதினெட்டு கிலோ. அதோட என் துணி ரெண்டு கிலோ."